மண்டபத்திலிருந்து மீனாவுக்கு

மண்டபம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். தோப்பில் ஒரே மாமரம் ஒரு பக்கம் பிஞ்சும் மறுபக்கம் பூவுமாக நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த வருஷமும் அப்படியே பூக்கிறதா என்று தேதியோடு குறித்து வை.

பவளப்பாறை வெளிறினாலும் தானாக மீண்டுவிடுகிறதாமே, அப்புறம் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய் என்று கேட்டிருந்தாய். மீள்கிறது, உண்மைதான். ஆனால் எது மீள்கிறது என்று பார்க்க வேண்டும்.

விலங்கியல் வகுப்பில் படித்தது உனக்கு நினைவிருக்கும். பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சோறாக்கி, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. கோடையில் தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், அதே பாசிக்குள் நச்சு உண்டாகிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அப்போதே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. ஆனி, ஆடியில் காற்று எழும்பிக் கடல் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். அதுவரை தாங்காதவை செத்துப்போகும்.

யார் தாங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முனைக்காட்டுப் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடி மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தாலே இது கண்ணில் படும். பாறை மாதிரி உருண்டு கிடக்கும் பவளங்கள் வெளிறினாலும் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. மான்கொம்பு மாதிரி கிளை விடுபவைதான் முதலில் போகின்றன. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். கிளைப் பவளம் வேகமாக வளரும், ஆனால் சூட்டைத் தாங்காது. சின்ன மீன்களுக்கு வீடே அந்தக் கிளைகள்தான். உயிருள்ள கொத்துக்கு மேலே என் கை நிழல் விழுந்தால் போதும், அவ்வளவு மீனும் ஒரே நொடியில் கிளைக்குள் போய்விடும். செத்த கொத்தில் பழுப்புப் பாசி படர்ந்து, கிளைகள் நொறுங்கிக் கிடக்கின்றன. அங்கே நிழல் விழுந்தால் மீனுக்குப் போக இடமில்லை, அங்குமிங்கும் சிதறுகிறது. பவளத்தைக் கொறித்தே வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களின் பாடு இன்னும் கஷ்டம்.

2016 கோடைக்குப் பிறகு மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. இதற்கு முன் 1998-இலும் 2010-இலும் இப்படிப் பெரிய வெளிறல் வந்தது. 2024-இல் உலகம் முழுவதுமே வெளிறல், லட்சத்தீவில் பலத்த அடி. ஒரு பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, பழைய நிலைக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் வேண்டும். அந்த இடைவெளி இப்போது கிடைப்பதில்லை. சூட்டைத் தாங்கும் வேறு வகைப் பாசியைச் சில பவளங்கள் சேர்த்துக்கொள்கின்றன என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அந்தப் பாசி கொடுக்கும் சோறு குறைவு, பவளம் மெதுவாகத்தான் வளர்கிறது. உயிர் தப்புகிறது, செழிப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் பார் பிழைத்துவிட்டது போலத்தான் தெரியும். உள்ளே குடியிருந்த கூட்டம் மாறிப்போயிருக்கும்.

இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் 45 நாள் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாசி மறுபடி தழைக்க, மீன் முட்டையிட. இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஒரு தொழில் நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீர் சுடுவதை அவர்கள் என்ன பேசி நிறுத்துவது?

சூடு மட்டுமே காரணமும் இல்லை. வளர்ப்புக்காக இங்கே கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்து மூடுவதை 2008 வாக்கிலேயே கண்டார்கள். அந்த வளர்ப்பை நம்பிக் குடும்பம் நடத்துகிற பெண்களும் இங்கே இருக்கிறார்கள், அதனால் ஒரே வார்த்தையில் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பவளத்தீவுகளுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இழுவை மடி வலையும் கழிவுநீரும் அப்படித்தான். கடலின் சூட்டை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து குறைக்க முடியாது, இவற்றை முடியும். பட்டினி கிடந்து எழுந்திருக்கிற உயிர் மேல் சேறும் வலையும் விழாமல் பார்த்துக்கொண்டால், அடுத்த கோடைக்குள் கொஞ்சமாவது தேறும்.

மாசியிலோ பங்குனி தொடக்கத்திலோ வா, கோடைச் சூடு ஏறுவதற்குள். குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறைப் படகு போகிறது, சேர்ந்து போவோம். பேரக்குழந்தையை விட்டு வர மனசில்லை என்றால் அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம், சரியா? குழந்தை பிறந்ததும் எந்நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
கலா