செயலாளரின் ஆண்டறிக்கை

நம் பழைய கைத்துப்பாக்கி ஆர்வலர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல வெள்ளவத்தையில் நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நமக்குப் பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளில்தான் ஆசை. ஆனால் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கேட்கும் 1916ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே, அதனால் நம் அலுமாரியில் சேர்வதெல்லாம் புத்தகம்தான். அதில் குறைவில்லை என்பதை இவ்வாண்டு ஒரு கூட்டம் காட்டித் தந்தது.

அங்கத்தவர் ஒருவர் பழைய சாமான் கடையில் பார்த்த கைத்துப்பாக்கியின் படங்களைக் கொண்டுவந்தார். விசை பொருத்திய தகட்டில் 1815 என்று வெட்டியிருந்தது. "கண்டி விழுந்த வருஷம் ஐயா" என்று கடைக்காரர் விலையை ஏற்றியிருக்கிறார். ஆண்டின் பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் இதயக் குறி: மேலே 4 போல ஒரு கோடு, உள்ளே வி, ஈ, ஐ, சி எழுத்துகள். ஹார்டிங் எழுதிய நூலைப் புரட்டினோம். 1808 அளவில் கம்பனி இதயத்தை விட்டுவிட்டு, பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத்துக்கு மாறிவிட்டது. அப்போ 1815இல் இதயம் எங்கிருந்து வந்தது? போலி என்று புரிந்து அங்கத்தவர் வாங்கவில்லை. அன்றைய தேநீர் அவர் செலவு.

அந்த ஹார்டிங் நூல் கம்பனியின் 1600 முதல் 1856 வரையான சிறு ஆயுதங்களைப் பற்றியது. 1997 முதல் 1999 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. விலை அதிகம்தான், ஒரே தொகுதிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மாதிரிகளின் பட்டியலான இரண்டாவதை எடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் பிளாக்மோர்: 1650 முதல் 1850 வரையான பிரித்தானிய இராணுவத் துப்பாக்கிகளைப் பற்றி 1961இல் எழுதியது. பழசு என்று தள்ளிவிட வேண்டாம், வாசிக்க இதமான நடை. ரிவால்வர் பக்கம் போகிறவர்களுக்கு 1962இல் வந்த, பிரித்தானிய ரிவால்வர் நிறுவனமான வெப்லியைப் பற்றிய டோவலின் வரலாறு. 1915இன் ஆறாம் மார்க்கை (வெப்லியின் ஆறாவது மாதிரி) முந்தியவற்றிலிருந்து பிரித்தறிய அது கையில் இருக்க வேண்டும். விலை வழிகாட்டிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்த விலைகள் வேறு ஊருக்கு, வேறு காலத்துக்கு.

கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் ஒருமுறை போய்வந்தோம். கண்டித் துவக்குகளின் வெள்ளி வேலைப்பாட்டுக்கு முன்னால் நின்றவர்களை இழுத்துக்கொண்டு வருவதே பெரும்பாடாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் பிளாக்மோர் பிரதி சித்திரையிலிருந்து அலுமாரியில் இல்லை. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்துவிடுங்கள்.

செயலாளர்