நெரிசலிலும் குரல் தெளிவாகக் கேட்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி அழைப்புகளில் குரல் விட்டுவிட்டுக் கேட்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, கூடுதல் வேகமுள்ள இணைப்புக்கு மாறுவதே தீர்வு என்று முடித்திருந்தது. பிணையப் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

குரலுக்கு இணைப்பில் வேண்டிய இடம் மிகச் சிறியது. பரவலாகப் பயன்படும் ஜி.711 என்னும் குரல் குறியாக்க முறையில் வினாடிக்கு 50 பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) செல்கின்றன. முகவரி முதலான தலைப்புத் தகவல்களைச் சேர்த்தாலும் ஒரு திசைக்கு வினாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட்தான் ஆகும். ஆனால் குரலால் காத்திருக்க முடியாது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குத் தடையில்லை என்றும், 400 மில்லிவினாடியைத் தாண்டும்படி பிணையத்தைத் திட்டமிடக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. நேரம் கடந்து வரும் குரல் பாக்கெட்டும் வராமலே போன பாக்கெட்டும் கேட்பவருக்கு ஒன்றுதான்.

தாமதம் பெரும்பாலும் பதிவேற்றப் பாதையில் பிறக்கிறது. வீட்டில் ஒருவர் புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கினால், பாக்கெட் இழப்பு நேரும்வரை டிசிபி என்னும் தரவு அனுப்பும் நெறிமுறை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ரவுட்டரோ இழப்பே நேரக் கூடாதென்று வந்ததையெல்லாம் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) அடுக்கிவைக்கும். வினாடிக்கு 1 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 256 கிலோபைட் பஃபர் நிரம்பிவிட்டால், அதன் கடைசியில் நிற்கும் குரல் பாக்கெட் வெளியேற இரண்டு வினாடிக்கு மேல் ஆகிறது. வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் அதே வரிசையைக் கடக்க 200 மில்லிவினாடி வேண்டும். 150 என்ற எல்லை அங்கேயே உடைந்துவிடுகிறது. பணம் கொடுத்து வேகத்தைக் கூட்டியவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

இதற்கான மருந்து புதிதன்று. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. அந்த நேரம் 100 மில்லிவினாடி அளவுக்குத் தொடர்ந்து 5 மில்லிவினாடிக்கு மேலேயே இருந்தால், சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு, அனுப்பும் கணினியை வேகம் குறைக்கவைக்கிறது. அதன் வளர்ச்சியான எஃப்க்யூ-கோடெல், ஒவ்வொரு தரவோட்டத்தையும் தனி வரிசையில் வைத்து, குரல் போன்ற மெல்லிய ஓட்டங்களை முன்னால் விடுகிறது. 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகப் பதிவான இம்முறை லினக்ஸ் இயங்குதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதைப் பயன்படுத்தும்போது ரவுட்டரின் வேக வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே அமைக்க வேண்டும். இல்லையெனில் நமக்குக் கட்டுப்படாத மோடத்தில் வரிசை சேர்ந்துவிடும்.

குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமைக் குறியீடு இடுவதும் நல்ல வழியே. எனினும் அலுவலகத்துக்குள் மதிக்கப்படும் அக்குறியீடு பொது இணையத்தில் மதிக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், பத்து அழைப்புகளுக்கு மட்டுமே இடமுள்ள பாதையில் பதினொன்றாவதை அனுமதித்தால் பதினொன்றுமே சிதையும். ஆகவே நிறுவனப் பிணையங்களில் புதிய அழைப்பை மறுக்கும் ஏற்பாடும் தேவை. இந்த மறுப்பைக் குறையாக எண்ணிப் பல நிர்வாகிகள் அதை அணைத்துவைப்பது வருந்தத்தக்கது.

இத்தகைய வரிசை மேலாண்மையைத் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வைத்து விற்பது ரவுட்டர் தயாரிப்பாளர்களின் கடமை என்பது என் உறுதியான கருத்து. இடைமுகத்தின் ஏதோ ஒரு மூலையில் அணைந்து கிடக்கும் வசதியால் சாதாரணப் பயனருக்கு எப்பயனும் இல்லை. தங்கள் இதழ் இனி ரவுட்டர்களை மதிப்பிடும்போது, பதிவேற்றம் முழு வேகத்தில் நடக்கையில் தாமதம் எவ்வளவு உயர்கிறது என்பதையும் அளந்து, பதிவிறக்க வேகத்துக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிணையப் பொறியாளரான வாசகர் ஒருவர்