தேய்க்காத மாஸ்க்கை முதல் டைவுக்குக் கொடுக்காதீர்கள்

அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளிலும் (இப்போதைய அரசுப் பெயர்கள் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு) புதுச்சேரியிலும் முதல்முறை வருபவர்களைக் கடலுக்கடியில் அழைத்துச் செல்லும் டைவிங் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மைய உரிமையாளர்களுக்கும் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் விமானம் ஏறி, போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கப்பல் பிடித்து ஹேவ்லாக் வந்து சேரும் நம் ஊர்க்காரர்கள் பலர் உங்களை நம்பித்தான் முதன்முதலாகத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் அந்த ஒரு டைவ்தான். கரையேறியபின் அவர்கள் சொல்வதில் ஒரு வாக்கியம் மட்டும் சீசனுக்குச் சீசன் மாறவே இல்லை: "உள்ள போனோம், ஆனா மாஸ்க் பூரா ஆவி. ஒண்ணும் சரியாத் தெரியல." இதை அவர்களுடைய நேரம் என்று விட்டுவிடாதீர்கள். முந்தின நாளே கரையில், ஒரு சின்ன பேஸ்ட் டியூபில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மீன் தெரியாமல் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. கையும் கண்ணும்தான் மொழி. கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகலாம்', விரலை வட்டமாகக் கூட்டினால் 'எல்லாம் சரி' என்று படகில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். மாஸ்க் மங்கிவிட்டால் அந்தக் கை அவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் இருக்கும் பயம் உங்களுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாத ஒருவர், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு, வெள்ளைத் திரைக்குப் பின்னால் தனியாக இருக்கிறார். சிலிண்டரைப் பிடித்தபடி நீங்கள் ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் அவரைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை.

அனுபவமுள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாஸ்க்கின் அடி ஓரத்தை லேசாக நகர்த்திக் கொஞ்சம் தண்ணீர் விடுவார், தலையைக் குனிந்து அதைக் கண்ணாடி மேல் ஓடவிடுவார், பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்றுவார். புதியவரை அதைச் செய்யச் சொன்னால் மூக்கில் தண்ணீர் ஏறும், திகைப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயப் பார்ப்பார். அப்படிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். முதல் டைவுக்கு 12 மீட்டர்தான் எல்லை என்று பாடி (PADI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகள் வைத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள்ளேயே நுரையீரல் கிழிய இடம் இருக்கிறது. ஆவி படிந்த மாஸ்க்கைச் சின்ன அசௌகரியம் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

எனவே கேட்கிறோம்: தேய்க்காத மாஸ்க்கை முதல் டைவுக்குக் கொடுக்காதீர்கள்.

ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பதுபோல மாஸ்க் உள்ளே வேர்க்கிறது. முகத்தின் சூட்டிலும் ஈரத்திலும் உள்ளே இருக்கும் காற்று நனைந்துபோயிருக்கும். கண்ணாடியோ கடல் தண்ணீரின் குளிர்ச்சிக்கு இறங்கிவிடும். ஈரம் அதில் படிவதை யாராலும் நிறுத்த முடியாது. அது எப்படிப் படிகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. சுத்தமான கண்ணாடியில் மெல்லிய தண்ணீர்ப் படலமாகப் பரவும், பார்வை மறையாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடியில் பொடிப்பொடித் துளிகளாக நிற்கும். அந்தத் துளிகள்தான் வெள்ளைத் திரை. புது மாஸ்க்கில் தயாரிப்பின்போதே ஒட்டிய சிலிக்கான் படலம் இருக்கும். அது வெறும் சோப்புக்குப் போகாது. அதன்மேல் எந்தத் திரவத்தைத் தெளித்தாலும் ஐந்து நிமிடம்தான் தாங்கும்.

போக்கும் வழி எளிது. ஜெல் வகை இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காய்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் வைத்து, கட்டைவிரலால் வட்டமாக இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். கண்ணாடியும் முகத்தில் பதியும் சிலிக்கான் ரப்பரும் சேரும் ஓரத்தில்தான் பிசுக்கு அதிகம். பலர் நடுவில் மட்டும் தேய்த்துவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். ஓர் இரவு ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் பேஸ்ட்டும் சோப்பும் துளியும் மிஞ்சாமல் அலசிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சோப்பு மிஞ்சியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் படலம் இன்னும் போகவில்லை. தகடாக வழிந்தால் மாஸ்க் தயார். வெயிலில் மூடிய பெட்டிக்குள் கிடந்தால் சிலிக்கானிலிருந்து பிசுக்கு மீண்டும் கண்ணாடிக்கு ஏறும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

லைட்டர் சுடரைக் காட்டிக் கரி படியவிட்டுத் துடைக்கும் முறையும் பலன் தரும். ஆனால் 'டெம்பர்டு' என்று பொறித்த கண்ணாடிக்கு மட்டும்தான் அது. பிளாஸ்டிக்காக இருந்தால் பாழ். சுடர் ஒரே இடத்தில் நின்றாலோ, ஓரத்துச் சிலிக்கானில் பட்டாலோ, சூடு ஆறுமுன் தண்ணீரில் முக்கினாலோ மாஸ்க் போய்விடும். ஆவி படியாத பூச்சோடு வரும் மாஸ்க்குகளுக்குச் சுடரும் கூடாது, பேஸ்ட்டும் கூடாது. கடையில் முப்பது மாஸ்க் வைத்திருப்பவர்களுக்குப் பேஸ்ட்டே போதும் என்பது எங்கள் எண்ணம்.

மிச்சம் படகில் செய்ய வேண்டியது. ஒரு பங்கு பேபி ஷாம்பு, மூன்று பங்கு நல்ல தண்ணீர் கலந்து சிறு ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கண்ணாடியில் அடித்து, விரலால் தடவி, இறங்குவதற்குச் சற்றுமுன் ஒரே ஒரு முறை அலசினால் போதும். அலசாமல் விட்டால் கண் எரியும். நாலைந்து முறை அலசினால் அடித்ததே வீண். எச்சிலும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதுவும் காய்ந்த கண்ணாடியில் தடவினால்தான். எல்லோர் மாஸ்க்கையும் முக்கும் அந்தப் பொது வாளியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதில் சோப்பைவிட சன்ஸ்கிரீனும் மூக்குச்சளியும்தான் அதிகம். ஒருவரின் கண்நோய் இன்னொருவருக்கு ஒட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

படம் எடுப்பதற்காகப் பத்து நிமிடம் முன்னாலேயே மாஸ்க்கை மாட்டி வெயிலில் உட்காரவைப்பதும், நெற்றியில் ஏற்றி வைக்கச் சொல்வதும் வேண்டாம். வியர்வையும் சூடும் உள்ளே சேர்ந்துவிடும். முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, எண்ணெயும் கிரீமும் நெற்றியில் இல்லை என்று பார்த்து, கடைசி நிமிடத்தில் மாட்டிவிடுங்கள். மூக்கால் மூச்சு விடக்கூடாது என்று சொல்வதோடு, கீழே இறங்கும்போது மாஸ்க் முகத்தை அழுத்தினால் மட்டும் மூக்கால் மெல்ல ஓர் ஊது ஊத வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லாததால் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிக் கரையேறுகிறவர்களும் உண்டு.

இதையெல்லாம் உங்கள் சொந்த மாஸ்க்குக்கு நீங்கள் தவறாமல் செய்கிறீர்கள். எங்கள் வருத்தம் அங்கேதான். உங்களுடையது தேய்த்துப் பளபளவென்று தனிப் பெட்டியில் இருக்கிறது. வாடகை மாஸ்க் உப்போடு மூட்டையில் கிடக்கிறது. கேமராவுக்குச் சார்ஜ் போட மறக்காத மையம், மாஸ்க் தேய்க்க ஆள் இல்லை என்கிறது. உடல்நலக் கேள்விகள் அடங்கிய படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டி, படித்துப் பார்க்க நேரம் தராமல் கையெழுத்து வாங்குவதும் இதே மனப்போக்குதான். ஆஸ்துமா உண்டா, காது அறுவை நடந்ததா என்று நம் ஊர் அம்மா ஒருவரிடம் தமிழிலோ இந்தியிலோ வாய்விட்டுக் கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது கேட்க வந்தது மாஸ்க் பற்றி மட்டும்.

மீண்டும் பணிவாகவே கேட்கிறோம்: தேய்க்காத மாஸ்க்கை முதல் டைவுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த படகு கிளம்புமுன் வாடகைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கழுவித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நிற்பதையெல்லாம் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் பேசும் டைவர்கள் சிலர்