காணும், அக்கா

அன்புள்ள அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவின் மூன்றாம் வருடத் திவசம். போன இரண்டு தரமும் ஐயர் எழும்பிப் போன பிறகு வந்து, படத்துக்குப் பூ வைத்துவிட்டு, தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினேன். இந்த முறை விடியவே வருவேன். பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

இதைச் சொல்ல எடுத்தால் நீங்கள் போனை உங்கள் மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் நான் இங்கே எழுதுவதை வாசிக்கிறவள், உங்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். வேறு ஆட்களும் வாசிப்பார்கள், எங்கள் ஊராட்களும் இருப்பார்கள். அதனால் சில விசயங்களைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்களுக்கு விளங்கும்.

அம்மாவின் அந்த 31ஆம் நாளை மனத்துக்குள் எத்தனை தரம் எழுதி அழித்துவிட்டேன். கீரிமலையில் கிரியை முடித்து வந்து எல்லோரும் பசியோடு இலைக்கு முன்னால் இருந்தோம். நீங்கள் சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். முதல் அகப்பையை வாங்கினேன். இரண்டாவது கேட்காமலே விழுந்தது. மூன்றாவதுக்கு நீங்கள் குனிந்தபோது இலைக்கு மேலே கையை விரித்தேன்.

"காணும், அக்கா."

"என்ன காணும்? வருத்தக்காரி மாதிரி இருக்கிறாய். அம்மா இருந்தால் உன்னை இப்பிடி விட்டிருப்பாவே?"

அகப்பை சாய்ந்தது. சூட்டுச் சோறு என் புறங்கையில் விழுந்தது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "இப்பிடிப் போட்டுப் போட்டுத்தானே அம்மாவின்ரை காலை எடுக்க வைச்சனியள்."

பந்தியில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் மெல்லவில்லை. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கையில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தீர்கள். பிறகு அடுத்த இலைக்குப் போய், "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டீர்கள். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்னோடு நேரே கதைக்கவில்லை.

நான் சொன்னது பிழை, அக்கா. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது மட்டுமில்லை, சொன்ன விசயமே பிழை. அம்மாவுக்குச் சலரோகம் என்று 1994இல் சொன்னார்கள். அடுத்த வருடம் ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் எல்லோரும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அம்மா மருந்து இருக்கிற நாளில் போட்டா, இல்லாத நாளில் விட்டா? இரத்தத்தில் சீனி கூடியே இருந்தால் அது காலின் நரம்பையும் இரத்தக் குழாயையும் மெல்ல மெல்லப் பழுதாக்கும். சிரட்டைத் துண்டு பாதத்தில் ஏறியதே அம்மாவுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். 2019இல் கால் போகும் வரைக்கும் அந்தப் புண்ணைத் தினமும் கழுவித் துணி கட்டியவர் நீங்கள். நான் சனிக்கிழமைகளில் வந்து நாலு தோடம்பழம் வைத்துவிட்டுப் போனவள். அந்த வாயால்தான் உங்களைச் சொன்னேன்.

ஆனாலும் அக்கா, ஒளித்து ஒளித்துத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கொடுத்தது நீங்கள்தானே. அம்மா கேட்டு அழுதா என்பீர்கள். அழுதிருப்பா. நானும் போட்டிருப்பேன் என்று சில நாட்களில் நினைக்கிறேன். சில நாட்களில் அப்படி நினைக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021இல் எனக்கும் இரத்தம் சோதித்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி 6.2 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5 வந்தால் சலரோகம். நான் நடுவில் நின்றேன். 158 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 84 கிலோ. டொக்டர் நிதானமாகத்தான் சொன்னார், உள்ளதில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்துக் கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே பெரிய வித்தியாசம் வரும் என்று. அமெரிக்காவில் என்னைப் போல எல்லையில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தவர்களுக்குச் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. என் கணக்கில் அது ஆறு கிலோ. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மாவின் ஒற்றைக் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

அதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை? சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. பத்து வயதில் எனக்கு "உரல்" என்று பெயர் வைத்தவர் நீங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உங்கள் கூட்டாளிகளோடு படலையில் நின்று "உரல் வருது, வழி விடுங்கோ" என்று சொல்வீர்கள். 2016இல் மகளின் சாமத்தியச் சடங்குக்காக மூன்று மாதம் கஞ்சியும் பப்பாசிப்பழமுமாகக் கிடந்து 11 கிலோ குறைத்தேன். அடுத்த வருடத்துக்குள் 13 கிலோ ஏறியது. "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று மாமியிடம் சொன்னீர்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னீர்கள். அந்தச் சொல்லை நான் உண்மை என்றே நம்பிவிட்டேன், அக்கா. அதுதான் கூட நொந்தது.

பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். மெல்பேர்ணில் செய்த ஒரு ஆராய்ச்சியை 2011இல் வெளியிட்டார்கள். பத்துக் கிழமை மிகக் குறைவாகச் சாப்பிட்டு நிறை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடியே இருந்தது, வயிறு நிறைந்தது என்று சொல்கிற சுரப்பு குறைந்தே இருந்தது. பட்டினி வந்துவிட்டது என்று உடம்பு எண்ணிக்கொள்கிறது, போனதைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறது. மெலிந்த உடம்புக்குச் செலவும் குறைவு. 84 கிலோவில் சாப்பிட்ட சாப்பாட்டை 73 கிலோவில் சாப்பிட்டால் மிச்சம் எல்லாம் திரும்ப ஏறும். ஆக, மூன்று மாதம் வாயைக் கட்டுவதில் ஒன்றுமே இல்லை. முப்பது வருடம் சலிக்காமல் செய்யக்கூடியது எதுவோ அதைத்தான் தொடங்க வேண்டும். இதை யாராவது 2016இல் எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு அழுகை மிஞ்சியிருக்கும்.

தொடங்கி வைத்தது 2022இன் பெற்றோல் தட்டுப்பாடு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய வாகனங்களுக்கு மட்டும்தான் என்று நிறுத்தினார்களே, அப்போது ஸ்கூட்டியை விறாந்தையில் ஏற்றிவிட்டு பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்துத் துடைத்தேன். யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலிருந்து கந்தோருக்கு. முதல் நாள் பரமேஸ்வராச் சந்தி தாண்ட முன்னமே இறங்கி உருட்டினேன். சுற்றிவர எல்லாரும் சைக்கிள்தான், நாங்கள் படித்த காலம் திரும்பி வந்த மாதிரி. கியூஆர் பங்கீட்டு முறை வந்து பெற்றோல் கிடைத்த பிறகு ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. என் வாழ்க்கையை மாற்றிய முடிவு என்றால் அதுதான். குறைக்கத் தொடங்கியது தட்டுப்பாடு, நிறுத்தாமல் விட்டது நான்.

மற்றது தேத்தண்ணி. நாளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி. ஒருநாள் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. ஒரேயடியாக விடவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அரைக்கரண்டி குறைத்தேன். இப்போது வெறும் பிளேன்ரீ. பனங்கட்டி உடம்புக்கு நல்லது என்று நீங்கள் மகளிடம் கொடுத்துவிட்ட குட்டானுக்கு நன்றி. அதுவும் சீனிதான் அக்கா, அதனால் ஒரு துண்டை நாலாக உடைத்து ஞாயிற்றுக்கிழமையில் கடிக்கிறேன். ஆசையாகத்தான் கடிக்கிறேன்.

சோற்றை விட்டுவிட்டேன் என்று ஊரில் கதை. விடவில்லை. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து. கோப்பை நிறைவதற்கு முன் தட்டில் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் பாதி இடம் பிடித்துவிடும். ஒரு மீன் துண்டு, சொதி முதற்பால் விடாமல். இரவுப் புட்டு குரக்கன்மாவில், நீத்துப்பெட்டி நிறைய அவித்த இடத்தில் இப்போது அரைவாசி. பின்னேரத்தில் நல்லூர் வீதியைச் சுற்றி நடக்கிறேன். திங்கட்கிழமை விடிய தராசில் ஏறி, கலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். 14 மாதத்தில் 67க்கு வந்தேன். அங்கே நின்று இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. 69ஐத் தொட்டால் அந்தக் கிழமையே பழைய கண்டிப்புக்குப் போய்விடுவேன். தொட்டிருக்கிறேன், நாலு தரம். இரண்டு தரம் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, கச்சான் கடைகளால். எங்கள் ஆட்களுக்கென்று வைத்திருக்கிற உயரம், நிறைக் கணக்கில் 67கூடக் கொஞ்சம் கூடத்தான். அது எனக்குப் பரவாயில்லை. சராசரிச் சீனி 5.5, படியேறினால் மூச்சு வாங்குவதில்லை.

இதைச் செய்தது உங்கள் சாப்பாட்டை வெறுத்து என்று நினைத்தீர்களா? உங்கள் அகப்பை எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து போய்க் கொடிகாமத்தில் அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் பாண் பங்கு போட்டபோது, "எனக்குப் பசிக்கேல்லை" என்று உங்கள் துண்டை என் மடியில் வைத்தீர்கள். மூன்று நாள் தொடர்ந்து உங்களுக்குப் பசிக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது, நம்பினேன். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு என் தட்டில் நீங்கள் போடும் ஒவ்வொரு அகப்பையிலும் அந்தத் துண்டு இருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. நான் கையை விரித்தபோது நீங்கள் எதைத் தட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதும்.

ஆனால் எனக்கு ஏதோ நோய், வருத்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டாம். தேர்த் திருவிழாவில் சனத்துக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அன்று அவர் தலை குனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. விடிய எழும்பி எனக்காகக் கீரை ஆய்கிறவர் அவர். இதற்கு நீங்கள் அவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். என்னிடம் வேண்டாம், அவரிடம்.

மகள் போன மாதம் ஒரு ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அவளைப் பேசாதீர்கள், பயத்தில்தான் அனுப்பினாள். இலக்கங்களை இங்கே எழுதவில்லை. திங்கட்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன். எங்கே போக என்று உங்களுக்குத் தெரியும். விடிய ஆறு மணிக்கே போனால்தான் நம்பர் கிடைக்கும். நீங்கள் வரமாட்டேன் என்றாலும் வந்து வாசலில் நிற்பேன். நான் அங்கே உங்களுக்கு ஒன்றும் படிப்பிக்க மாட்டேன். பக்கத்துக் கதிரையில் இருப்பேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஒரு அகப்பை போடுங்கள். பூசணிக்காய்ப் பால்கறி இரண்டாம் தரமும் கேட்பேன், அம்மாவின் கைப்பக்குவம் உங்களுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. நான் கையை விரித்தால் அகப்பையை நிறுத்துங்கள். அந்த முறை வார்த்தையை விட்டது போல இந்த முறை விடமாட்டேன். நீங்களும் நிறுத்துங்கள்.

அம்மாவின் நீத்துப்பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, நீங்கள் தேடியதாக மகள் சொன்னாள். விளிம்பு பிரிந்திருந்தது. சந்தையில் பெட்டி இழைக்கிற ஆச்சியிடம் கொடுத்துப் புது ஓலை வைத்துக் கட்டுவித்திருக்கிறேன். தாவடி, சுதுமலை, மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டி வர வேண்டும், முன்கூடையில் துணி சுற்றி வைத்துக் கொண்டு வருகிறேன். தேங்காயை நான் வந்து துருவுகிறேன், நீங்கள் தொடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி