வெட்டும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் இங்கிலாந்தின் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ரோஜர் கிரீன்ஹால்க் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். லண்டன் சேரிங் குரொஸ் வைத்தியசாலையில் அவர் பேராசிரியராக இருந்தது, 1978இல் அவர் தொடங்கிய கருத்தரங்குக்கு உலகம் முழுவதிலுமிருந்து வைத்தியர்கள் வந்து சேர்ந்தது எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு பந்திதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் முப்பத்தொரு வருடம் கிழக்கு வைத்தியசாலைகளில் தாதியாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில்தான் போனது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு பந்திதான் முக்கியம். அதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல இடம் தாருங்கள்.

வயிற்றுக்குள் ஓடும் பெருநாடி சிலருக்கு வயது போகப் போக பலூன் போல வீங்கும். அது வெடித்தால் பெரும்பாலும் ஆள் மிஞ்சுவதில்லை. அதனால் வீக்கம் சின்னதாக இருக்கும்போதே வெட்டிச் சரிசெய்வது நல்லது என்று நிபுணர்கள் பலர் நினைத்தார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. கிரீன்ஹால்கும் அவரோடு ஆராய்ச்சி செய்த ஜெனட் பவலும் மற்றவர்களும் அதை நம்பிவிட்டுப் போகாமல் சோதித்துப் பார்த்தார்கள். பிரித்தானியாவின் 93 வைத்தியசாலைகளில், வீக்கம் 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரை இருந்த 1,090 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்கு ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருப்பது, வீக்கம் 5.5ஐத் தாண்டினாலோ, வேகமாகப் பெருத்தாலோ, நோவு கண்டாலோ மட்டும் வெட்டுவது. 1998இல் முடிவு வந்தது. ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைத்தவர்களின் கணக்கில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. முதலிலேயே வெட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள்.

கத்தி பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இந்த அளவுக்கு உள்ளே கத்தி வேண்டாம் என்று காட்ட இவ்வளவு உழைத்திருக்கிறார். கட்டுரையில் நீங்கள் தலைப்பாக எடுத்திருக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் வயிற்றைத் திறக்காமல், தொடையிடுக்கு வழியாகக் குழாயை விட்டு, வீங்கிய நாடிக்குள்ளே உறை வைக்கும் முறை வந்தது. எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். கிரீன்ஹால்கின் குழு அதையும் அளந்தது. முதல் மாதத்து இறப்பு 1.7 வீதம், வயிற்றைத் திறந்தால் 4.7 வீதம். புதிய முறைக்குத்தான் வெற்றி என்று அங்கேயே முடித்திருக்கலாம். அவர்கள் விடவில்லை. பதினைந்து வருடம் அதே நோயாளிகளின் பின்னால் போனார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. உறை வைத்தவர்களில்தான் இறப்புக் கூட, உறை வைத்த பிறகும் பழைய வீக்கம் வெடித்ததும் அதற்கு ஒரு காரணம் என்று 2016இல் எழுதினார்கள். உறை வைத்தவரை ஆயுள் முழுக்கக் கிளினிக்குக்குக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல இது வழி செய்தது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். அங்கே வயிற்று நாடி, இங்கே கால் நாடி. வெட்டும் முன் பார்க்க வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் மூத்த அண்ணன் கமக்காரர். 2009இல் வட்டையில் நெல்லுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவருக்குக் காலின் சின்ன விரலில் முள் ஏறியது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதோடு சுருட்டும். விரல் நுனி கறுத்தது. ஒரு வைத்தியசாலையில் ஆறு கிழமை நாள் தவறாமல் மருந்து கட்டினார்கள். இராத்திரியில் அவர் படுக்கவே மாட்டார். கட்டில் விளிம்பில் இருந்து காலைக் கீழே தொங்கவிட்டபடி விடியும் வரை இருப்பார். "தொங்கவிட்டாத்தான் தங்கச்சி கொஞ்சம் சுகமாயிருக்கு" என்பார். மேலே தூக்கி வையுங்கள், வீக்கம் வற்றும் என்று நான் தலையணை வைத்துக் கொடுத்தேன். காலுக்கு இரத்தம் போதாதபோது தொங்கவிட்டால்தான் கொஞ்சமாவது இறங்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் காலில் நாடி துடிக்கிறதா என்று ஒருவரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அவர் வட்டைக்குப் போகவில்லை.

ஒரு பயிற்சி வகுப்பில்தான் பிற்காலத்தில் கற்றுக்கொண்டேன். பாதத்தில் நாடி பார்க்க இரண்டு இடம் உண்டு. ஒன்று பாதத்தின் மேற்பக்கம், பெருவிரலை மேலே தூக்கினால் எழும்புகிற தசைநாணுக்குச் சற்று வெளியே, சின்ன விரல் பக்கமாக. மற்றது உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால். மேல் நாடி சில சுகதேகிகளுக்கே கைக்கு அகப்படாது, அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். அகப்படாவிட்டால் இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் கையடக்க டொப்ளர் கருவியும் பிரஷர் பட்டியும் போதும். கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வந்தால் குழாய் சுருங்கியிருக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு நாடிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் டொப்ளரின் சத்தத்தையும் கேட்க வேண்டும். நல்ல நாடி குதித்து விட்டு விட்டுக் கேட்கும். அடைப்புள்ள நாடி காற்று ஊதுவது போல மெலிந்து இழுபடும்.

அடைப்பு என்று தெரிந்தால் வழி இருக்கிறது. பலூனால் விரிக்கலாம், காலிலிருந்தே நாளத்தை எடுத்து மாற்றுப் பாதை போடலாம். நாளம் போட்ட பிறகும் புகைத்தால் அது சீக்கிரம் அடைபடுகிறது என்பதையும் கிரீன்ஹால்கின் குழு 1989இல் எழுதியது. புகையை விட்டேன் என்ற வாய்ச்சொல்லோடு நிற்காமல் இரத்தத்திலேயே புகையின் தடயத்தை அளந்தார்கள். அண்ணனின் சுருட்டுப் பெட்டி என் கண்ணில் வருகிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். லண்டனில் செய்ததைப் போலப் பெரிதாக வேண்டாம் பிள்ளைகளே. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு வருடத்தில் வெட்டப்பட்ட கால்கள் எத்தனை, அதில் எத்தனை பேருக்கு வெட்டும் முன் பாத நாடி பார்த்து எழுதப்பட்டது, வெட்டிய பிறகு ஒரு வருடத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கட்டில் தலைப்புச் சீட்டிலும் கிளினிக் கொப்பியிலும் தேடினாலே பாதி விடை கிடைக்கும். எழுதப்படாமல் கிடந்தால் அதுவும் ஒரு விடைதான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஆடி உற்சவத்துக்கு உகந்தை வழியாகக் காட்டுப்பாதை திறக்கும் முன்பே எங்கள் சனம் வெறுங்காலோடு கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்கிவிடும். பாதம் மரத்துப்போன சீனி வருத்தக்காரரும் அதில் வருவார்கள். சுடுமணலில் கொப்புளம் போட்டது தெரியாமலே நடந்து, திரும்பி வந்து புண்ணோடு என் மேசையில் காலை நீட்டியவர்களை வருடா வருடம் பார்த்தவள் நான். பாதத்தின் படம் ஒன்றைப் போட்டு, நாடி பார்க்கும் அந்த இரண்டு இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டி, "என் காலில் நாடி துடிக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள்" என்ற ஒரு வரியோடு, யாத்திரை தொடங்க ஒரு மாதத்துக்கு முன் பிரசுரித்துத் தாருங்கள். கோயில் மடங்களில் ஒட்டுவதற்கு நூறு பிரதி எடுக்கும் செலவை நான் தருகிறேன்.

ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.