மோதலுக்குப் பிறகு வரவேண்டிய காகிதம்: இந்தியக் கடற்படைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடற்படைத் தலைமை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கேப்டனுக்குக் கீழே வாட்ச் (காவல் முறை) பார்க்கும் அதிகாரி. நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல்தளத்து அறையில், நிற்கிறவன். கப்பலே தூங்கும் நேரம் அது. துணைக்கு ஒரு ஏபி (அனுபவமுள்ள மாலுமி), ஒரு பிளாஸ்க் டீ, இரண்டு ரேடார். உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு வேண்டுகோள்தான்: போர்க்கப்பல் மோதினால், என்ன நடந்தது என்ற விசாரணை அறிக்கையை நாங்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். ஏன் என்று சொல்வதற்கு ஜப்பான் வரை போய்வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜூன் 17, இரவு 1:30. என் வாட்ச் நேரம்தான். அமெரிக்கக் கடற்படையின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற நாசகாரிக் கப்பல் யோகோசுகாவிலிருந்து கிளம்பித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற பிலிப்பைன்ஸ் கொடிக் கன்டெய்னர் கப்பல், 222 மீட்டர் நீளம், நகோயாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்துகொண்டிருந்தது. இசு தீபகற்பத்துக்கு அப்பால் கிரிஸ்டலின் முகப்பு ஃபிட்ஸ்ஜெரால்டின் ஸ்டார்போர்டு (வலது) பக்கத்தில் ஏறியது. மேலே கேப்டனின் அறை நசுங்கியது. கீழே, முகப்புக்கு அடியில் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டிருக்குமே அந்த பல்ப், அது 13 அடிக்கு 17 அடி ஓட்டை போட்டது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மாலுமிகள் தூங்கும் அறை. 35 பேர் படுத்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். 28 பேர் தப்பி வெளியே வந்தார்கள். 7 பேர் வரவில்லை.

அடுத்த சில நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிரிஸ்டல் ஏஐஎஸ் (கப்பலின் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் கருவி) போட்டிருந்ததால் அது போன தடம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. மோதிய பிறகு அந்தக் கப்பல் தன் வழியே கொஞ்ச தூரம் போய், அப்புறம் திரும்பி வந்திருக்கிறது. கரைக்குத் தகவல் சொன்னது 2:25-க்கு. வரைபடத்தில் அந்த வளைவைப் பார்த்தவர்கள், வேண்டுமென்றே இடித்தான், யாரோ ஏவிவிட்டார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு ஏஐஎஸ் ஒலிபரப்பவில்லை; அதன் தடம் யாரிடமும் இல்லை. இரண்டு பேர் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒருவனுடைய டைரியை மட்டும் ஊரே படித்தது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கன்டெய்னர் கப்பலில் இருந்த 20 பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். எங்களைப் போல ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறுகிறவர்கள்.

அந்தப் பேச்சை அடக்கியது அமெரிக்கக் கடற்படையே 2017 நவம்பர் 1 அன்று வெளியிட்ட அறிக்கை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் மூன்று முறை படித்திருக்கிறேன். தன் வீட்டுக் குறையைத் தானே சொல்வது எந்தச் சீருடைக்கும் லேசில்லை, அதில் சொல்லியிருக்கிறார்கள். கிரிஸ்டல் தங்கள் ஸ்டார்போர்டு பக்கம் வந்தது, வழிவிட வேண்டியது தாங்கள்தான், விடவில்லை. லுக்அவுட், அதாவது கண்ணால் பார்த்துக் காவல் காப்பது, போர்ட் (இடது) பக்கம் மட்டும்தான் இருந்தது, கப்பல்கள் வந்த பக்கம் ஆள் இல்லை. ரேடாரைச் சரியாக ட்யூன் செய்யவில்லை. வாட்ச் அதிகாரி கிரிஸ்டலை வேறொரு கப்பலோடு குழப்பிக்கொண்டு, தள்ளித்தான் போகும் என்று நினைத்தார். கேப்டன் முன்பே எழுதிவைத்த நிலை ஆணைப்படி அவரை எழுப்ப வேண்டும், எழுப்பவில்லை. விஎச்எஃப் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எச்சரிக்கைக்கான ஐந்து குறு ஊதல் ஊதவில்லை. கடைசி நிமிடங்களில் வலது பக்கம் திருப்பு என்று ஆணை, உடனே அது ரத்து, அப்புறம் முழு வேகத்தில் இடது பக்கம்.

இதைப் படிக்கும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. அந்தக் குழப்பத்தின் முதல் பாதியில் நானும் நின்றிருக்கிறேன். திரையில் நாலைந்து எதிரொலிகள், இரண்டு கிட்டத்தட்ட ஒரே திசையில், சிபிஏ (எவ்வளவு நெருங்கிக் கடக்கும் என்ற கணக்கு) எந்தக் கப்பலுடையது என்று ஒரு கணம் தடுமாற்றம். எனக்கு அந்தக் கணம் கடந்துபோனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் தன் அறிக்கையைத் தந்தது. முதல் தவறு ஃபிட்ஸ்ஜெரால்டுடையது என்றது, கிரிஸ்டலின் வாட்ச்சையும் விடவில்லை. அதுவும் நியாயம்தான். வழி வைத்திருக்கும் கப்பல் (மற்றது வழிவிட வேண்டிய கப்பல்), எதிராளி நகரவில்லை என்று தெரிந்த பிறகும் நேராகவே போய்க்கொண்டிருக்கக் கூடாது என்பது நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் 17-ஆவது விதி. அந்த அறிக்கைக்குப் பிறகு அது எனக்கு வெறும் மனப்பாடமாக இல்லை.

கடற்படையின் 2017 அறிக்கையோடு சேர்த்து ஜான் எஸ். மக்கெயின் என்ற இன்னொரு அமெரிக்க நாசகாரிக் கப்பலின் கதையும் வந்தது. 2017 ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே, அல்னிக் எம்சி என்ற டேங்கரோடு மோதி 10 பேர் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாடு எந்தத் திரையில் இருக்கிறது என்பதில் குழப்பம். இரண்டு கப்பல்களும் சேர்ந்திருந்த அமெரிக்க ஏழாவது கடற்படைப் பிரிவின் தளபதி பதவியிழந்தார். நெரிசலான கடலில் ஏஐஎஸ் போடு என்று ஆணை வந்தது. தொடுதிரை வேண்டாம், பழையபடி கைப்பிடி வைக்கிறோம் என்று 2019-இல் அறிவித்தார்கள். தளபதியை மாற்றியதை விட இந்தக் கைப்பிடிதான் பெரிய விஷயம் என்பேன்.

சரி, நம் கரைக்கு வருகிறேன். 2011 ஜனவரி 30, மும்பைத் துறைமுக வாய்க்கருகில் ஐஎன்எஸ் விந்தியகிரி என்ற நம் போர்க்கப்பலும் நார்ட்லேக் என்ற சைப்ரஸ் கொடிக் கன்டெய்னர் கப்பலும் மோதின. விந்தியகிரியில் வீரர்களின் குடும்பத்தினரும் இருந்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கப்பல் தீப்பிடித்து, கரை சேர்ந்தும் மறுநாள் கட்டிய இடத்திலேயே மூழ்கியது. 2023-இல் கொல்கத்தாவில் அதே பெயரில் புதுக் கப்பலைக் கடலில் இறக்கினோம். பெயர் திரும்பி வந்துவிட்டது. பழைய விந்தியகிரியின் பிரிட்ஜில் அன்று என்ன நடந்தது என்று சொல்லும் அறிக்கை எதுவும் எங்கள் வகுப்புக்கு வந்ததில்லை. நாங்கள் படித்தது பத்திரிகைச் செய்தியை. எங்களுக்குப் பாடம் எடுத்த கேப்டன், இந்தியத் துறைமுக மோதலை விட்டுவிட்டு அமெரிக்கக் காகிதத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

சரக்குக் கப்பல் இடித்து ஆள் செத்தால், சர்வதேச விதிப்படி அறிக்கை வெளியே வந்தாக வேண்டும். போர்க்கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மோதலைத் தவிர்க்கும் விதிகள் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றேதான். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு இரவு, ஏஐஎஸ் இல்லாத ஒரு எதிரொலி எங்கள் போர்ட் பக்கம் வந்தது. மற்ற கப்பல்களெல்லாம் பெயரோடு முக்கோணமாகத் தெரிய, இது வெறும் பொட்டு. எல்லாக் கப்பல்களும் கேட்கும் ரேடியோ சானல் 16-இல் கூப்பிட்டேன். 'வார்ஷிப்' என்று மட்டும் பதில், எந்த நாடு என்று சொல்லவில்லை. மரியாதையாகப் பேசி, அவர்களே திசை மாற்றிப் போனார்கள். ஏபி அண்ணன் மெதுவாகச் சொன்னார், "பேர் கேட்டா சொல்ல மாட்டாங்க சார், வழி கேட்டா குடுத்துடுவாங்க."

ரகசியம் இருக்கும், புரிகிறது. ஆயுதம், சென்சார், போன காரியம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். யார் பெயரும் வேண்டாம், தண்டனை என்ன என்றும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு முதலில் பார்த்தார்கள், எந்தப் பக்கம், என்ன வேகம், யார் யாரிடம் என்ன சொன்னார்கள், அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள். இவ்வளவுதான். பழைய விந்தியகிரியிலிருந்து தொடங்குங்கள், அந்தக் கப்பலே இன்று சேவையில் இல்லை. பாதிப் பக்கம் கறுப்பு மை பூசி வந்தாலும் சரி, மீதிப் பாதியை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் மறுபடி கப்பலேறுகிறேன். அதே 12–4 வாட்ச்தான்.

இப்படிக்கு,
ஒரு செகண்ட் மேட்,
தூத்துக்குடி