பெல்கிரேட் அரங்கு செய்ததைத் திரும்பச் செய்யுங்கள்

இங்கிலாந்தின் நகர மன்றங்களுக்கும் வட்டார நாடக அரங்குகளின் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆங்கில நடிகர் இயன் மெக்கெல்லன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்துக் காண்டால்ஃபின் வெள்ளைத் தாடியும் ‘எக்ஸ்-மென்’ படத்து மேக்னீட்டோவின் தலைக்கவசமும்தான். அந்தப் படங்கள் வந்தபோது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் 40 ஆண்டு மேடை இருக்கிறது. அதற்கு அஸ்திவாரம் போட்டது லண்டன் அல்ல, உங்கள் ஊர்கள். ஊர் அரங்குகளே நடிகர்களை ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டை மறுபடி கொண்டுவரச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

1939-ல் பர்ன்லியில் பிறந்து, விகனிலும் போல்ட்டனிலும் வளர்ந்தவர் அவர். நடிப்புப் பள்ளி எதிலும் படித்ததில்லை. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’யில் ஷாலோ என்னும் கிழவராக நடித்துப் பெயர் வாங்கினார். 1961-ல் படிப்பு முடிந்த கையோடு கோவென்ட்ரியின் பெல்கிரேட் அரங்கில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். குண்டுவீச்சில் சிதைந்த நகரம் அது. போருக்குப் பின் இங்கிலாந்தில் நகர மன்றம் புதிதாகக் கட்டிய முதல் அரங்கை அந்த ஊர்தான் 1958-ல் திறந்தது. யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரம் அன்பளிப்பாக அனுப்பிய மரத்தைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். அடுத்து இப்ஸ்விச், பிறகு நாட்டிங்கம். நாட்டிங்கம் பிளேஹவுஸின் புதிய கட்டடம் 1963-ல் டைரோன் கத்ரி இயக்கிய ‘கோரியோலேனஸ்’ நாடகத்துடன் திறந்தபோது, அதில் நாயகனின் எதிரியான ஆஃபிடியஸ் வேடம் இவருக்கு. 1964-ல் லண்டனின் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் கால் வைத்தார். 2018-ல் அதே மேடையில் லியர் மன்னராக நின்றார்.

அந்த ஊர் அரங்குகள் நடிகரை ஒரு நாடகத்துக்கென்று எடுக்கவில்லை, ஒரு பருவம் முழுவதற்கும் எடுத்தன. இரவில் ஒரு நாடகம், பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. இந்த மாதம் இளவரசன், அடுத்த மாதம் நாலு வரி பேசும் வேலைக்காரன். மெக்கெல்லன் இதை எவ்வளவு நம்பினார் என்பதற்கு 1972 சாட்சி. அந்த ஆண்டு எட்வர்ட் பெதர்பிரிட்ஜுடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஆக்டர்ஸ் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே சம்பளம். முதன்மை வேடங்களையும் சிறு வேடங்களையும் மாறி மாறி எடுத்துக்கொண்டார்கள்.

குழுவாக இருப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு 1976-ன் ‘மேக்பெத்’தைப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் தி அதர் பிளேஸ் என்ற தகரக் கொட்டகை. தரையில் ஒரு வட்டம், சுற்றிலும் மரப்பெட்டிகள். தங்கள் காட்சி வரும்வரை நடிகர்கள் அந்தப் பெட்டிகளில் உட்கார்ந்திருப்பார்கள். இடைவேளை கிடையாது. இயக்கம் டிரெவர் நன், உடன் நடித்தவர் ஜூடி டென்ச். மெக்கெல்லன் அதே பருவத்தில் ரோமியோவாகவும், ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தின் மன்னன் லியோண்டிஸாகவும் நடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி இறந்த செய்தி கேட்டு மேக்பெத் பேசும் பேச்சு ‘சிக்னிஃபையிங் நத்திங்’ (பொருள் ஏதுமில்லை) என்று முடிகிறது. ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரிக்குப் பத்து அசை, அதாவது ஆங்கில ‘சிலபிள்’. இந்த வரியில் ஆறுதான். மீதி நான்கு அசையை ஷேக்ஸ்பியர் காலியாக விட்டிருக்கிறார், அவ்வளவு நேரமும் மேடை மௌனமாக இருக்க வேண்டும். அப்புறம்தான் காடு நகர்ந்து வரும் செய்தியோடு தூதன் நுழைய வேண்டும். இரண்டு அசை முந்தினால் மேக்பெத்தின் வெறுமை அறுந்துபோகும், பிந்தினால் வரியை மறந்துவிட்டாரோ என்று அரங்கம் நெளியும். அந்த இடைவெளியைக் காப்பது மேக்பெத் மட்டுமல்ல, ஒரே ஒரு காட்சியில் வரும் தூதனும்தான். மூன்று நாடகம் சேர்ந்து ஆடியவர்களுக்கு அந்த மூச்சுக்கணக்கு தானாக வரும். நாலு வாரத்துக்கு முன் முதன்முதலாகக் கைகுலுக்கிக்கொண்டவர்களுக்கு வருவது கஷ்டம்.

பழைய முறையை அப்படியே கேட்கவில்லை. ஒரு காலத்தில் பல ஊர்களில் வாரம் ஒரு நாடகம் மாற்றினார்கள். அது வேண்டவே வேண்டாம். வசனம் மனதில் ஊறாது. போன வாரம் கைதட்டல் வாங்கிய அதே சைகையை நடிகர் இந்த வாரமும் எடுத்துப் போடுவார். மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவரின் குரல் முன்வரிசைக்குக் கேட்கும்.

நாங்கள் கேட்பது 12 நடிகர், 6 நாடகம், 34 வாரம். முதல் 4 வாரம் ஒத்திகை மட்டும். பிறகு ஒவ்வொரு நாடகமும் 5 வாரம் ஓடட்டும். அதில் முதல் வாரம் பகலில் ஓய்வு, மீதி 4 வாரம் அடுத்த நாடகத்தின் ஒத்திகை. ஒத்திகையின் முதல் மூன்று நாள் உட்கார்ந்து படிப்பதற்கே. இரண்டாம் வாரக் கடைசியில் கையில் பிரதி இருக்கக் கூடாது. கடைசி மூன்று நாள் விளக்கு, ஒலி, உடையோடு மேடையிலேயே நடக்கட்டும். பகல் காட்சி உள்ள நாளில் ஒத்திகை வைக்காதீர்கள், மாலைக் காட்சிக்குள் தொண்டை கட்டிவிடும். 12 பேரில் நால்வராவது புதியவர்களாக இருக்கட்டும். முதன்மை வேடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து நட்சத்திரத்தை அழைக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் மற்ற 11 பேரும் மேடைச் சாமான் ஆகிவிடுவார்கள்.

இப்படிப் போட்ட அஸ்திவாரம் எத்தனை காலம் தாங்கும் என்றால், 1971-ல் ஹேம்லெட்டாக நடித்தவர் 2021-ல், 82 வயதில், வின்ட்சரில் மறுபடி ஹேம்லெட் ஆனார். மாணவராக ஷாலோ வேடம் போட்டவர், 2024-ல் அதே ‘நான்காம் ஹென்றி’யின் குண்டு வீரர் ஃபால்ஸ்டாஃபாக வந்தார்.

2019-ல் தன் 80-வது வயதுக்காக, 80 மேடைகள் என்று கணக்கு வைத்து நாடு முழுக்கத் தனிநடிப்பு நிகழ்ச்சியோடு போனார். இரண்டாம் பாதியில் ஷேக்ஸ்பியர் நாடகப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றிலிருந்தும் பேசினார். வசூல் அந்தந்த அரங்குக்கே போனது. முடிந்ததும் வாசலில் வாளியோடு நின்று நன்கொடையும் திரட்டினார். உங்கள் அரங்குகளுக்காக ஒரு முதியவர் வாளி ஏந்தி நின்றது எங்களுக்கு வலிக்கிறது. அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில், 12 நடிகர்களின் 34 வாரச் சம்பளத்தைத் தனி இனமாக வையுங்கள்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியிலும் மேடை நிர்வாகத்திலும் வேலை செய்பவர்கள்